கொடைக்கானல் மேல்மலையில் பழைய குடோன் வீட்டில் தங்கிச் சமைத்துச் சாப்பிட: முழுமையான வழிகாட்டி

பூம்பாறை, கூக்கால், மன்னவனூர், கவுஞ்சி. கொடைக்கானல்காரர்கள் மேல்மலை என்று சொல்கிற ஊர்கள் இவை. மலைப்பூண்டைக் கட்டுக்கட்டாகத் தொங்கவிட்டுக் காய வைத்த குடோன், உருளைக்கிழங்கு கொட்டி வைத்த கல் கட்டடம், மாட்டுக் கொட்டகை என்று தோட்டத்துக்கு ஒன்றாவது இங்கே இருக்கும். அதில் சிலவற்றுக்குத் தரை போட்டு, கழிப்பறை சேர்த்து, ஒரு மூலையில் அடுப்பு மேடை கட்டி விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறார்கள். சாப்பாடு நம் பாடு. ஓட்டலில் ரூம் போடுகிற நினைப்போடு போனால் முதல் ராத்திரியே வீட்டுக்குள் சண்டை வரும். ரெண்டு மூணு நாளுக்குக் குடித்தனம் போகிறோம் என்று நினைத்துக் கிளம்பினால் வேறு எங்கேயும் கிடைக்காத விடுமுறை கிடைக்கும். அந்தக் குடித்தனத்துக்கு என்னென்ன வேண்டும் என்பதைத்தான் வரிசையாகச் சொல்கிறேன்.

எப்போது போவது

ஏப்ரல், மே மாதங்கள் சீசன். கூட்டம், வாடகை, மலைப்பாதை நெரிசல் மூன்றுமே உச்சத்தில் இருக்கும். அக்டோபரிலிருந்து டிசம்பர் தொடக்கம் வரை வடகிழக்குப் பருவமழை பழனி மலையை நன்றாகவே நனைக்கும், மண் சரிவு, மரம் விழுவது எல்லாம் அப்போதுதான். டிசம்பர் கடைசியும் ஜனவரியும் உறைபனிக் காலம், காலையில் புல் வெள்ளையாகக் கிடக்கும். பார்க்க அழகு, குடோனில் தூங்கக் கஷ்டம். என்னைக் கேட்டால் பிப்ரவரி, மார்ச், இல்லாவிட்டால் ஆகஸ்ட் கடைசி, செப்டம்பர். குறிஞ்சி பார்க்கத்தான் போகிறீர்கள் என்றால் 2030 வரை பொறுக்க வேண்டும், 2018இல் பூத்தது அப்புறம் பன்னிரண்டு வருஷக் கணக்கு.

வீட்டைத் தேர்ந்தெடுப்பது

இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும். அந்தக் கட்டடம் எதற்காகக் கட்டப்பட்டது என்று தெரிந்தால் அதில் என்ன குறை இருக்கும் என்று பாதி ஊகித்துவிடலாம்.

பூண்டு குடோனுக்குக் காற்றோட்டம்தான் உயிர். ஈரம் தங்கினால் பூண்டு அழுகிவிடும், அதனால் சுவருக்கும் கூரைக்கும் நடுவே இடைவெளி விட்டே கட்டியிருப்பார்கள். வீடாக மாற்றும்போது அதை ஒழுங்காக அடைக்கவில்லை என்றால் ராத்திரி பத்து மணிக்கு மேல் ஒரு ஊதல் காற்று தலைமாட்டிலேயே வந்து நிற்கும். கூரை ஓடா தகரமா என்று கேளுங்கள். தகரத்துக்குக் கீழே மரப்பலகையோ வேறு தடுப்போ இருந்தால் நல்லது. வெறும் தகரமாக இருந்தால் மழைச் சத்தத்தில் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது, விடிகாலையில் நம் மூச்சுக்காற்றின் ஈரமே தகரத்தில் குளிர்ந்து சொட்டுச் சொட்டாகப் போர்வையில் விழும். கூரை ஒழுகுகிறது என்று ஓனருக்கு போன் போடாதீர்கள், கட்டிலை நகர்த்தினால் போதும்.

மாட்டுக் கொட்டகை வேறு ரகம். கோமியம் வடிவதற்காகத் தரையை ஒரு பக்கமாகச் சரித்துத்தான் போட்டிருப்பார்கள். அதே சரிவின் மேல் டைல்ஸ் ஒட்டிவிட்டால் கட்டிலில் படுத்தவுடன் தெரியும், உடம்பு மெல்ல ஒரு பக்கமாக இறங்கிக்கொண்டே இருக்கும். நாற்காலிக் காலுக்கு அட்டை மடித்து வைத்திருக்கிறார்களா என்று படத்தில் பாருங்கள், வைத்திருந்தால் தரை சரியில்லை என்று அர்த்தம். பெரிய விஷயம் இல்லைதான், ஆனால் இடுப்பு வலிக்காரர்கள் கவனிக்க வேண்டும்.

உயரமான கூரை உள்ள கட்டடங்களில் நடுவே பரண் போட்டு அங்கே படுக்கை போட்டிருப்பார்கள். சூடான காற்று மேலே போய்த் தங்குவதால் ராத்திரி பரண்தான் கதகதப்பு. ஆனால் ஏணி செங்குத்தாக இருக்கும். அறுபது வயதுக்காரர் இருட்டில் கழிப்பறைக்கு இறங்கி ஏற முடியுமா என்று யோசித்துவிட்டு யார் மேலே, யார் கீழே என்று ஊரிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்.

ஓனரிடம் கேட்க வேண்டியவை

முன்பணம் அனுப்புவதற்கு முன்னால் வாட்ஸ்அப் வீடியோவில் சமையலறையையும் கழிப்பறையையும் காட்டச் சொல்லுங்கள். எல்லா ஓனரும் வெளியே தெரியும் பள்ளத்தாக்கைத்தான் காட்டுவார்கள், அது எங்கேயும் போகாது. பேச்சு பெரும்பாலும் இப்படித்தான் போகும்:

"அண்ணே, குக்கர் எத்தனை லிட்டர்?"

"பெரிய குக்கர்தான் சார், தாராளமா இருக்கும்."

தாராளம் என்றால் எவ்வளவு என்று விடாமல் கேளுங்கள். எட்டுப் பேருக்கு மூணு லிட்டர் குக்கரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? கேஸ் அடுப்பு எத்தனை பர்னர், மாற்று சிலிண்டர் கையில் இருக்கிறதா, தோசைக்கல், அரிவாள்மனையோ கத்தியோ, மிக்ஸி, குடிதண்ணீர் எங்கிருந்து வருகிறது, கழிப்பறை உள்ளேயா வெளியேயா, கீசர் உண்டா, ஆளுக்கு எத்தனை கம்பளி, எந்த சிம் எடுக்கும், கரண்ட் போனால் இன்வெர்ட்டர் எதெதற்கு வரும், கவனிக்கிற ஆள் பக்கத்திலேயே குடியிருக்கிறாரா. எல்லாவற்றையும் மெசேஜாகவே கேட்டு மெசேஜாகவே பதில் வாங்குங்கள், பிறகு பேச்சு மாறாது. வாடகைக்கு விட அனுமதியும் பதிவும் இருக்கிறதா என்றும் தயங்காமல் கேட்கலாம். அனுமதி இல்லாத கட்டடங்களுக்குக் கொடைக்கானலில் சீல் வைத்த கதை ஊரறிந்தது, உங்கள் முன்பணம் அதில் மாட்டக் கூடாது.

இன்னொன்று, வண்டி எதுவரை போகும்? பழைய குடோன்கள் தோட்டத்துக்கு நடுவே இருப்பவை. மூட்டை தூக்கப் பழகியவர்களுக்கு வரப்பில் ஐந்து நிமிஷம் ஒன்றுமில்லை. நமக்கு, மழை ஈரத்தில், அரிசிப் பையும் சக்கரம் வைத்த சூட்கேஸுமாக அதே வரப்பு வேறு மாதிரி இருக்கும். சூட்கேஸை வீட்டில் வைத்துவிட்டு முதுகுப்பை எடுத்துக்கொள்ளுங்கள்.

இ-பாஸ்

சென்னை உயர் நீதிமன்ற உத்தரவுப்படி 2024 மே 7 முதல் கொடைக்கானலுக்கும் நீலகிரிக்கும் சொந்த வண்டியிலோ வாடகை வண்டியிலோ போக இ-பாஸ் வேண்டும். அரசு பஸ்ஸில் போனால் தேவையில்லை. 2025 சீசனில் ஏப்ரல் முதல் ஜூன் வரை கொடைக்கானலுக்கு வார நாளில் 4,000 வண்டி, வாரக்கடைசியில் 6,000 வண்டி என்று கணக்கு வைத்தார்கள். ஆகவே சீசனில் போவதாக இருந்தால் வீட்டுக்கு முன்பணம் கட்டும் நாளிலேயே பாஸையும் பார்த்துவிடுங்கள், செக்போஸ்ட்டில் சிக்னல் தேடிக்கொண்டு நிற்காதீர்கள்.

சாமான்: எதை எங்கே வாங்குவது

பெரிய சாமான்களை வத்தலக்குண்டிலேயே முடித்துவிடலாம். அரிசி, பருப்பு, எண்ணெய், முட்டை, தேங்காய், இவையெல்லாம் கீழே இருந்து மேலே போகிறவை, மேலே விலை கூடத்தான் இருக்கும். கேரட், பீன்ஸ், பீட்ரூட், முட்டைக்கோஸ், உருளைக்கிழங்கு, சௌசௌ எல்லாம் மேலே விளைவது, அதை மதுரையிலிருந்து சுமந்துகொண்டு போவது வேடிக்கை. ஞாயிற்றுக்கிழமை கொடைக்கானலைக் கடப்பதாக இருந்தால் சந்தை இருக்கும், அங்கேயே பையை நிரப்பிக்கொள்ளலாம். பெட்ரோலும் ரொக்கமும் கொடைக்கானலில் நிரப்பிக்கொள்ளுங்கள். அதற்கு அப்பால் பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர், மன்னவனூர் சுமார் 35, வளைவும் மூடுபனியுமாக நேரம் இழுக்கும், கடைக்காக திரும்பி வர மனசு வராது.

வீட்டிலிருந்து கட்டாயம் எடுத்துப் போக வேண்டியவை என்றால் அஞ்சறைப்பெட்டி, அரைத்து வைத்த சாம்பார்ப் பொடி, ரசப்பொடி, நன்றாகச் சுண்டக் காய்ச்சிய புளிக்காய்ச்சல், ஒரு நல்ல கத்தி, தீப்பெட்டி ரெண்டு, லைட்டர் இருந்தாலும் தீப்பெட்டி. டார்ச். கைத்துண்டு நாலைந்து, அங்கே துணி லேசில் காயாது. தலைக்குத் தேய்க்கிற தேங்காய் எண்ணெயை வாயகன்ற டப்பாவில் எடுத்துப் போங்கள், 24 டிகிரிக்குக் கீழே அது உறைந்துவிடும், குறுகிய வாய் பாட்டிலில் இருந்தால் குச்சி விட்டுத்தான் நோண்ட வேண்டும். சமையலுக்குக் கடலெண்ணெயோ நல்லெண்ணெயோ சரி.

மலை ஏறும்போது காற்றழுத்தம் குறையக் குறைய சிப்ஸ் பாக்கெட்டெல்லாம் தலையணை போல உப்பிக்கொண்டு வரும், அது தானாகச் சரியாகிவிடும். மாவுத் தூக்கு அப்படியில்லை. புளித்துக்கொண்டிருக்கும் இட்லி மாவைத் தூக்கு நிறைய ஊற்றி இறுக்க மூடிக்கொண்டு போனால் டம்டம் பாறை தாண்டும் முன்பே டிக்கியில் வழிய ஆரம்பித்துவிடும். பாதி அளவுதான் ஊற்ற வேண்டும். சின்ன தண்ணீர் பாட்டில்களைக் கீழேயே விட்டுவிடுங்கள், மலையில் பிளாஸ்டிக் கெடுபிடி உண்டு, பிடித்தால் காசு. ஸ்டீல் பாட்டிலும் ஒரு பெரிய கேனும் போதும்.

போய் இறங்கிய முதல் ஒரு மணி நேரம்

வெளிச்சம் இருக்கும்போதே போய்ச் சேர வேண்டும், நாலு மணிக்குள் என்றால் உத்தமம். போனவுடன் வெளியே ஓடிப் படம் எடுக்காமல் ஒரு சுற்று பாருங்கள். அடுப்பு எரிகிறதா, சிலிண்டரை லேசாகத் தூக்கிப் பார்த்தால் கனம் இருக்கிறதா, ரெகுலேட்டர் பக்கம் வாடை வருகிறதா, கதவுத் தாழ் உள்ளே விழுகிறதா, மெயின் சுவிட்ச் எங்கே, தொட்டியில் தண்ணீர் எவ்வளவு. ஏதாவது குறை இருந்தால் கவனிக்கிற ஆள் கிளம்புவதற்குள் சொன்னால்தான் ஆகும், ஏழு மணிக்கு மேல் அவரைக் கூப்பிட்டு நிற்க வைப்பது நியாயமும் இல்லை.

கரண்ட் விஷயத்தில் ஒரு கட்டுப்பாடு வேண்டும். கீசர், ரூம் ஹீட்டர், இண்டக்ஷன் அடுப்பு மூன்றும் தலைக்கு ரெண்டாயிரம் வாட்ஸ் ரகம். குடோனுக்கு இழுத்த ஒயர் ரெண்டு பல்புக்காக இழுத்ததாகக்கூட இருக்கலாம். ஒரு நேரத்தில் ஒன்று மட்டும். காற்றும் மழையுமாக இருக்கும் நாளில் கம்பி மேல் மரம் விழுந்து கரண்ட் போவது சகஜம், அதனால் செல்போனையும் டார்ச்சையும் பகலிலேயே ஏற்றி வைத்துவிடுங்கள்.

தண்ணீர் பெரும்பாலும் ஓடையிலிருந்தோ ஊற்றிலிருந்தோ குழாய் போட்டு வருவதாக இருக்கும். தெளிவாக இருக்கிறதே என்று அப்படியே குடிக்க வேண்டாம். கொதி வந்த பிறகும் மூணு நிமிஷம் தளதளவென்று கொதிக்க விடுங்கள். கீழே ஒரு நிமிஷம் போதும், 2,000 மீட்டர் உயரத்துக்கு மேல் அந்த மூணு நிமிஷம் தேவை. ஏன் என்பது அடுத்த பகுதியில்.

சமையல்: மலையில் கணக்கு வேறு

கடல் மட்டத்தில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரெண்டாயிரம் மீட்டர் உயரத்தில் காற்றழுத்தம் குறைவதால் சுமார் 93 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிறது என்று கண்ணுக்குத் தெரியும், சூடு அவ்வளவு இல்லை, தீயைக் கூட்டினாலும் அதற்கு மேல் ஏறாது, கேஸ்தான் வீண். திறந்த பாத்திரத்தில் கொண்டைக்கடலை வேக வைக்கும் யோசனை இருந்தால் கைவிடுங்கள், சாயங்காலம் வரைக்கும் கடலை கடலையாகவே இருக்கும். குக்கர் இதைப் பெரும்பாலும் சரிக்கட்டும், முழுசாக இல்லை. வெளியே அழுத்தம் குறைவாக இருப்பதால் குக்கருக்குள்ளும் ஊரை விடக் கொஞ்சம் சூடு குறைவுதான். வீட்டில் மூணு விசில் விடும் துவரம்பருப்புக்கு இங்கே அஞ்சு விசில் விட்டுப் பாருங்கள். பருப்பை அரை மணி ஊற வைத்தால் கேஸ் மிச்சம். புளித்தண்ணீரைப் பருப்பு வெந்த பிறகுதான் ஊற்ற வேண்டும், புளிப்பு பட்டால் பருப்பு இறுகி நிற்கும், ஊரிலும் அப்படித்தான், இங்கே அது இன்னும் பளிச்சென்று தெரியும்.

டீத்தூளும் 93 டிகிரியில் சாறு விட நேரம் எடுக்கும், ரெண்டு நிமிஷம் கூடுதலாகக் கொதிக்கட்டும். வடித்த டீ டம்ளரில் ஆறிப்போகும் வேகம் உங்களுக்குப் பழக்கமில்லாதது, டம்ளரைக் கொஞ்சம் வெந்நீர் விட்டு அலசிவிட்டு ஊற்றுங்கள்.

அடுத்தது புளிப்பு. ராத்திரி பத்து டிகிரிக்குக் கீழே போகும் இடத்தில் இட்லி மாவு பொங்காது, பால் உறையாது. மாவை ஊரிலேயே புளிக்க வைத்துக் கொண்டு போய் முதல் ரெண்டு நாளில் தீர்த்துவிட வேண்டும். குளிரே ஃபிரிட்ஜ் வேலை பார்க்கும், கெட்டுப்போகாது. தயிருக்குப் பாலை ஊரை விடச் சற்று சூடாகவே வைத்து உறை ஊற்றி, ஹாட்பேக்கில் மூடி, அதைப் பழைய கம்பளியில் சுற்றி அடுப்பு மேடைக்குப் பக்கத்தில் வைத்தால் காலையில் ஒரு மாதிரி உறைந்திருக்கும். கெட்டித் தயிர் எதிர்பார்க்காதீர்கள்.

என்ன சமைப்பது என்பதில் என் சிபாரிசு இதுதான். முதல் நாள் ராத்திரி சமைக்கவே கூடாது. எல்லோரும் மலைப்பாதையில் சுற்றி வந்து தலை கிறுகிறுத்துக் கிடப்பார்கள், பாத்திரம் எது எங்கே என்று தெரியாது, குளிர் வேறு. ஊரிலிருந்து கட்டிக்கொண்டு வந்த புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் போதும், அதற்கு மேல் ஒரு மிளகு ரசம் மட்டும் சூடாக வையுங்கள். அதற்குத் தேவையான பூண்டு பக்கத்துத் தோட்டத்திலேயே கிடைக்கும். கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது. காரமும் வாசனையும் கீழே கிடைக்கும் பூண்டை விடத் தூக்கல், அதனால் வழக்கமாகப் பத்துப் பல் போடுகிறவர்கள் அஞ்சு பல்லில் ஆரம்பியுங்கள். தோலோடு ஒரு தட்டுத் தட்டி, மிளகு சீரகத்தோடு நல்லெண்ணெயில் போட்டால் குடோன் முழுக்க மணக்கும், பரணில் சுருண்டு கிடந்தவர்கள் தானாக இறங்கி வருவார்கள்.

காலையில் தோசை, அல்லது புளிக்க வேண்டாத அடை, ரவா உப்புமா, கேழ்வரகு தோசை. மதியம் பறித்த அன்றே வாங்கின கேரட், பீன்ஸ் போட்டுக் கூட்டு, சௌசௌ சாம்பார். மதிய உணவை ஒரு மணிக்குள் முடித்துவிட்டால் பாத்திரம் கழுவ வெயில் இருக்கும். அது முக்கியமான விஷயம். மேல்மலைக் குழாய்த் தண்ணீரில் ராத்திரி எட்டு மணிக்குக் கழுவிப் பார்த்தவர்கள் விரலை மடக்க முடியாமல் நிற்பார்கள். ராத்திரிப் பாத்திரத்துக்கு ஒரு தேக்சா வெந்நீர் தனியாகப் போட்டுவிடுங்கள், யார் கழுவுவது என்பதையும் முறை வைத்துக்கொள்ளுங்கள். சமையல் நம் பாடு என்ற வீட்டுக்குப் போய் விடுமுறை முழுக்க அம்மாவும் மாமியாரும் மட்டும் அடுப்படியில் நின்றால் அது அவர்களுக்கு விடுமுறையா?

குளிரும் தீயும்

இதை ரெண்டு தடவை படியுங்கள். கரி அடுப்பையோ பார்பிக்யூ சட்டியையோ தணல் அணைந்துவிட்டது என்று நினைத்துக்கூட அறைக்குள் கொண்டு வந்து வைத்துக்கொண்டு தூங்கக் கூடாது. கரி எரியும்போது வரும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, வாசனையும் இல்லை. புகை கண்ணில் படாது, தூக்கத்திலேயே ஆளை முடித்துவிடும். மலை விடுதிகளில் இப்படி உயிர் போன செய்திகள் வந்துகொண்டேதான் இருக்கின்றன. குளிர் தாங்காமல் இடைவெளியெல்லாம் துணி வைத்து அடைத்த குடோனில் இது இன்னும் ஆபத்து. கேஸ் அடுப்பைக் குளிர்காயப் பற்றவைத்துவிட்டு உட்காருவதும் வேண்டாம். புகைபோக்கி உள்ள கணப்பு இருந்தால் எரிக்கலாம், அதையும் தூங்கப் போகும் முன் அணைத்துவிட்டு, ஒரு ஜன்னலை விரலளவு திறந்து வையுங்கள்.

கதகதப்புக்கு வழி உடம்பில்தான் இருக்கிறது. காலுறை, குல்லா, பனியன் மேல் பனியன், கம்பளிக்குக் கீழே ஒரு பருத்திப் போர்வை. ரப்பர் வெந்நீர்ப் பை ஆளுக்கு ஒன்று எடுத்துப் போனால் ஹீட்டரே வேண்டாம். தூங்கப் போகும் முன் சுக்குமல்லிக் காபி.

காட்டுமாடும் குப்பையும்

காட்டுமாடு கொடைக்கானலில் டவுனுக்குள்ளேயே நடக்கிறது, தோட்டத்துக்கு வராமல் இருக்குமா? சாதுவாகப் புல் மேய்ந்துகொண்டிருக்கும், ஆயிரம் கிலோ வரை வளரும் உடம்பு அது. டார்ச் அடித்தோ பிளாஷ் போட்டோ கிட்டே போகாதீர்கள், வழியில் நின்றால் நாம்தான் காத்திருக்க வேண்டும். கழிப்பறை வெளியே இருக்கும் வீடென்றால் ராத்திரி கதவைத் திறக்கும் முன் டார்ச்சைத் தரையில் அடித்து ஒரு பார்வை பார்த்துவிட்டு இறங்குங்கள், குழந்தைகளைத் தனியே அனுப்ப வேண்டாம். காய்த்தோலையும் சோற்றையும் வாசலில் கொட்டினால் பன்றியும் குரங்கும் வரும். நீங்கள் கிளம்பிவிடுவீர்கள், அப்புறம் தோட்டக்காரர்தான் அவதிப்படுவார். தோலை எங்கே போடுவது என்று கேட்டால் பக்கத்து வீட்டு மாட்டுக்கே கொடுக்கச் சொல்வார்கள். பிளாஸ்டிக் கவர், பாட்டில், டயப்பர் எல்லாம் ஒரு சாக்கில் கட்டி வண்டியிலேயே திரும்ப வர வேண்டும். மழைக்காலத்தில் அட்டை ஏறும், உப்புப் பொட்டலம் ஒன்று பையில் இருக்கட்டும்.

பகலில் என்ன செய்வது? பூம்பாறையில் குழந்தை வேலப்பர் கோயில், மன்னவனூரில் மத்திய அரசின் செம்மறி ஆட்டு ஆராய்ச்சிப் பண்ணை, ஏரி, கூக்கால் ஏரி. பாதி நாள் போதும், மீதிப் பாதியை வாசலில் நாற்காலி போட்டு உட்கார வைத்துக்கொள்ளுங்கள், வெயிலில் தோல் கருகும், குளிரை நம்பி ஏமாற வேண்டாம். தோட்டத்தில் வேலை செய்கிறவர்களைக் கேட்காமல் படம் எடுக்காதீர்கள். ஸ்பீக்கர் கொண்டு போகாதீர்கள்.

கிளம்பும் நாள்

பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்து, சிலிண்டரை மூடி, கீசர் சுவிட்சை அணைத்து, மிச்ச அரிசி பருப்பைக் கவனிக்கிறவரிடமே கொடுத்துவிட்டுப் படம் ஒன்று எடுத்து ஓனருக்கு அனுப்பிவிடுங்கள், முன்பணம் பற்றிய பேச்சு அதோடு முடியும். பூண்டு வாங்குவதாக இருந்தால் நன்றாகக் காய்ந்த கட்டாகப் பார்த்துத் தோட்டக்காரரிடமே வாங்குங்கள், காய்ந்த தண்டோடு இருக்கிற கட்டைச் சாக்குப் பையில் போடலாம், பிளாஸ்டிக் கவரில் வேண்டாம், வேர்த்து முளை விட்டுவிடும்.

இறங்கும்போது ரெண்டாவது கியரிலேயே வாருங்கள். பிரேக்கை விடாமல் மிதித்துக்கொண்டு வந்தால் பெருமாள்மலை தாண்டுவதற்குள் கருகல் வாடை அடிக்கும், அடித்தால் அகலமான இடமாகப் பார்த்து ஒதுக்கி நிறுத்தி இருபது நிமிஷம் ஆற விடுங்கள், சக்கரத்தில் தண்ணீர் ஊற்ற வேண்டாம். ஏறி வருகிற வண்டிக்குத்தான் வழி, குறுகலான வளைவில் நீங்கள் நின்று அவரை விடுங்கள்.